பழவேற்காட்டு மீனவருக்கு விதை, நிலம், விலை



பயிர்த்தொழிலில் இன்னல்கள் பல உண்டு. மழை பொய்க்கும், பூச்சி தாக்கும், அறுவடை நேரத்தில் விலை இறங்கும். ஆயினும் சிறு உழவர் ஒருவர் அடுத்த பருவத்திற்கு வேண்டிய விதைநெல்லைத் தம் வீட்டிலேயே சேமித்து வைக்க முடியும். தம் நிலத்தின் எல்லை எது என்று வரப்பைக் காட்டிச் சொல்ல முடியும். விளைந்த நெல்லைச் சில வாரங்கள் வைத்திருந்து, விலை பார்த்து விற்க முடியும்.

ஏரியிலும் கரைக்கடலிலும் சிறு வலையை நம்பிப் பிழைக்கும் மீனவருக்கு இந்த மூன்றுமே இல்லை. அவருடைய விதை கடலிலிருந்து வரவேண்டும். அவருடைய நிலத்துக்கு வரப்பு கிடையாது. பிடித்த மீனை மாலை வரை கூட அவரால் வைத்திருக்க இயலாது. பழவேற்காடு ஏரிக் கரையில் வாழும் மீனவக் குடும்பங்களின் வறுமையை விளங்கிக்கொள்ள, விதை, நிலம், விலை என்ற இந்த மூன்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தால் போதும்.

"மீனவர் கதை உழவருக்கு எதற்கு?" என்று சிலர் கேட்கலாம். ஆரணியாறு, காளங்கியாறு, சுவர்ணமுகியாறு ஆகியவை இந்த ஏரியை வந்தடைகின்றன. இவ்வாறுகளின் பாசனப் பகுதியில் வயலிலிருந்து வடியும் நீர் இறுதியில் சேருமிடம் மீனவரின் வலை விரிந்திருக்கும் ஏரிதான். ஆகவே இது நமக்கும் உரிய செய்தியாகும்.

ஏரியின் அமைப்பு

பழவேற்காடு ஏரி சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. ஒடிசாவிலுள்ள சிலிக்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. இதன் பெரும்பகுதி ஆந்திர மாநிலத்தில் அமைந்துள்ளது; தென்பகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்தைச் சேர்ந்தது. ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு நீளவாக்கில் கிடக்கிறது. பக்கிங்காம் கால்வாய் ஏரியின் வழியே செல்கிறது.

பார்வைக்குக் கடல் போல் பரந்திருந்தாலும் ஏரி ஆழமற்றது. பல இடங்களில் ஆள் நடந்தே போகலாம். 17-ஆம் நூற்றாண்டில் டச்சு வணிகர்கள் இங்குக் கோட்டை கட்டித் துணி வாணிகம் செய்தனர். அன்று பன்னாட்டு வணிகம் நடந்த அதே ஊரில்தான் இன்று கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் முதலிய மீனவக் குப்பங்கள் உள்ளன. கடலோரமாகவும் ஏரியோரமாகவும் இன்னும் பல குப்பங்கள் உண்டு. இறால், நண்டு, மடவை, கொடுவா, கிழங்கான் ஆகியவை இவர்களின் முக்கிய விளைச்சல்.

விதை: முகத்துவாரம் திறந்தால்தான் வாழ்வு

நெல்லுக்கு நாற்றங்கால் எப்படியோ அப்படியே இறாலுக்கு இந்த ஏரி. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. பொரித்த குஞ்சுகள் சில வாரங்களில் நீரோட்டத்தோடு முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் நுழைகின்றன. அலையில்லாத, இரை மிகுந்த ஏரியில் சில மாதங்கள் வளர்ந்தபின் மீண்டும் கடலுக்குத் திரும்பி அங்கே இனப்பெருக்கம் செய்கின்றன. மடவை, கொடுவா போன்ற மீன்களும் இவ்வாறே கடலுக்கும் ஏரிக்கும் இடையே வந்துபோகின்றன. ஆகவே முகத்துவாரம் அடைபட்டால் ஏரிக்கு விதை வராது. அந்த ஆண்டு ஏரியில் மட்டுமன்றி, கடலிலும் விளைச்சல் குறையும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையின் வெள்ளம் ஆறுகள் வழியே ஏரிக்குள் வந்து, முகத்துவாரத்திலுள்ள மணலை அடித்துக்கொண்டு கடலில் சேரும். மழை நின்றபின், கரையை ஒட்டி ஓடும் கடல் நீரோட்டம் மணலைக் கொண்டுவந்து வாயில் குவிக்கும். மழை குறைந்த ஆண்டில் தள்ளும் வெள்ளமும் குறைவு. எனவே வாய் விரைவில் தூர்ந்துவிடும். ஆற்றின் மேற்பகுதியில் அணைகளிலும் தடுப்பணைகளிலும் நீர் தேக்கப்படுவதாலும் ஏரிக்கு வரும் வெள்ளம் குறைகிறது. ஆரணியாற்றின் மேலே ஆந்திரப் பகுதியில் பிச்சாட்டூர் அணை உள்ளது.

வாய் அடைபட்டால் கோடையில் ஏரி நீர் வற்றி உப்பு ஏறுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்பு உண்டு. கடுங்கோடையில் ஏரி நீரின் உப்பு இதனையும் மிஞ்சிவிடுவதுண்டு. மழைக்காலத்திலோ அதே ஏரி ஏறக்குறைய நன்னீராகிவிடும். இந்த ஏற்ற இறக்கத்தைத் தாங்கும் உயிரினங்கள் மட்டுமே தங்குகின்றன. மேலும், வாய் தூர்ந்தால் ஏரியிலிருந்து கடலுக்குப் படகு செல்ல வழியில்லை. மணல் திட்டில் படகு தட்டிக் கவிழ்வதும், இயந்திரம் பழுதாவதும், வலை கிழிவதும் நேர்கின்றன.

முகத்துவாரம் தூர்ந்த ஆண்டுகளில் மீனவர்கள் ஊர்ப்பணம் திரட்டித் தாங்களே மணலை வெட்டி வழி ஏற்படுத்தியதுண்டு. உழவர்கள் குடிமராமத்தில் ஏரி மதகைச் சரிசெய்ததை இது நினைவூட்டும். ஆனால் மதகு ஓரிடத்தில் நிற்கும். முகத்துவாரமோ இடம் மாறும். இன்று வெட்டிய வழி அடுத்த மாதம் மூடிவிடும். வாயை நிலையாகத் திறந்து வைப்பதற்காக இருபுறமும் கற்சுவர் அமைக்கும் திட்டத்தை மாநில அரசு அண்மை ஆண்டுகளில் எடுத்துக்கொண்டது. கற்சுவர் அமைத்தாலும் ஆற்றிலிருந்து வெள்ளம் வந்தால்தான் ஏரி உயிரோடிருக்கும் என்பதை மறக்கலாகாது.

நிலம்: பாடு என்னும் முறைப்பாசனம்

ஏரியில் வரப்பு இல்லை, பட்டா இல்லை. எனினும் யாரும் எங்கும் வலை கட்டலாம் என்ற நிலையும் இல்லை. இங்குப் 'பாடு' என்னும் பழமையான முறை வழங்கி வருகிறது. முளைக்கம்புகளை ஊன்றிக் கட்டும் சுத்துவலைக்கு எல்லா இடமும் ஏற்றதன்று. இறால் வரும் நீரோட்டப் பாதையிலுள்ள சில இடங்களே நல்ல இடங்கள். அவ்விடங்கள் ஒருவருக்கே நிலையாகப் போனால் மற்றவர் பட்டினி கிடப்பர். ஆகவே உரிமையுள்ள குப்பங்களுக்கு முறை வைத்து நாள்கள் பிரிக்கப்படும். குப்பத்திற்குள் உரிமையுள்ள தலைக்கட்டுகளுக்குக் குலுக்கல் முறையில் இடம் ஒதுக்கப்படும். இன்று நல்ல இடம் பெற்றவர் நாளை வேறு இடத்திற்கு மாறவேண்டும்.

வாய்க்கால் நீரை 'முறை' வைத்துப் பாய்ச்சும் உழவருக்கு இது புதியதன்று. நீர்க்கட்டி ஒவ்வொரு மடையாகத் திறந்து விடுவதைப் போன்றதே இந்தப் பாடு. இலங்கையில் நீர்கொழும்புக் களப்பில் இறாலுக்குக் கட்டுவலை இடும் மீனவர்களும் சங்கம் வைத்து, குலுக்கலில் இடம் பிரித்துக்கொள்கின்றனர். ஏரி பொதுவாக இருக்கும் இடத்தில் சண்டையின்றிப் பிழைக்க மக்கள் தாமாகக் கண்ட வழி இது.

ஆயினும் இதில் ஒரு குறையும் உண்டு. அதனை மறைப்பது நேர்மையாகாது. பாட்டு உரிமை மரபுவழி மீனவரான பட்டினவர் குப்பங்களுக்கு உரியதாக இருந்து வந்தது. 1970-களில் உறையவைத்த இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை கிடைக்கத் தொடங்கியது. 1972-இல் கடல்பொருள் ஏற்றுமதி மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. இறால் விலை ஏறியதும், அதுவரை வேறு தொழில் செய்த பலரும் ஏரியை நாடினர். நிலமற்ற ஆதிதிராவிட, இருளர் குடும்பங்களுக்கும் ஏரியே வாழ்வாதாரம். அவர்களுக்குப் பாட்டில் இடமில்லை. இதனால் ஏரியில் பல முறை பூசல்கள் எழுந்தன.

இரு தரப்பாரிடமும் நியாயம் உண்டு. முறையே வேண்டாமென்றால் வலை மேல் வலை கட்டி ஏரி வெறுமையாகும். பழைய முறையை அப்படியே வைத்தால் ஏழையினும் ஏழையானவர் கரையில் நிற்பர். கடைமடைக்காரருக்கும் நீர் உண்டு என்று ஒப்புக்கொண்ட ஊரில்தான் வாய்க்கால் தகராறு தீரும். ஏரிக்கும் அதுவே வழி.

விலை: முன்பணம் என்னும் கட்டு

மீனவரை அதிகமாக வருத்துவது இதுவே. பருத்தி வலைக்குப் பதிலாக நைலான் வலை வந்தது. கட்டுமரத்திற்குப் பதிலாகக் கண்ணாடியிழைப் படகும் வெளிப்பொருத்து இயந்திரமும் வந்தன. பிடிப்பு பெருகியது, முதலும் பெருகியது. முன்பு வீட்டிலேயே முடைந்த வலையை இன்று கடையில் வாங்க வேண்டியுள்ளது. இந்தப் பணத்தைப் பெரும்பாலும் மீன் வியாபாரியே முன்பணமாகத் தருகிறார். வட்டி கேட்பதில்லை. ஆனால் பிடித்த மீன் முழுவதையும் அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குத் தரவேண்டும்.

"வட்டியில்லாக் கடன்தானே" என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டாக, ஒருவர் ரூ.40,000 முன்பணம் பெற்றதாக வைத்துக்கொள்வோம். கிலோவுக்குச் சந்தை விலையைவிட ரூ.30 குறைத்து எடுத்துக்கொள்ளப்படுகிறது என்போம். நாளொன்றுக்கு 4 கிலோ இறால். ஆண்டில் 200 நாள் தொழில்.

ஒரு நாள் இழப்பு: 4 × 30 = ரூ.120
ஓர் ஆண்டு இழப்பு: 120 × 200 = ரூ.24,000

ரூ.40,000-க்கு ஆண்டுக்கு ரூ.24,000 என்பது 60 விழுக்காடு வட்டிக்குச் சமம். இவ்வளவு கொடுத்தபின்னும் முதலில் ஒரு ரூபாய் கூடக் கழியவில்லை. அதே தொகைக்கு 4 விழுக்காடு வட்டியில் கடன் கிடைத்தால் ஆண்டு வட்டி ரூ.1,600 மட்டுமே.

அப்படியானால் மீனவர் ஏன் வங்கிக்குப் போவதில்லை? காரணம் உண்டு. வங்கித் தவணைக்குத் தேதி உண்டு. ஏரிக்குத் தேதி தெரியாது. மீன் படாத மாதத்திலும் தவணை கட்டவேண்டும். வியாபாரியோ மீன் படாத நாளில் ஒன்றும் கேட்கமாட்டார். இரவில் நோயாளியை மருத்துவமனைக்குக் கொண்டுபோகவும், மறுநாள் புது வலை வாங்கவும் அவரே பணம் தருகிறார். எனவே வியாபாரியைப் பழிப்பதால் மட்டும் பயனில்லை. அவர் செய்யும் உதவியைச் செய்து, அவர் எடுக்கும் விலையை எடுக்காத ஓர் அமைப்பு வேண்டும்.

அத்தகைய அமைப்பு தென் கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் உருவாகியுள்ளது. மீனவர் கிராமச் சங்கங்கள் ஒன்றுசேர்ந்து 1980-இல் தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பை அமைத்தன. கரையில் மீன் ஏலத்தைச் சங்கமே நடத்துகிறது. ஒவ்வொரு நாளும் விற்ற தொகையில் ஒரு சிறு பங்கு கடனுக்கும், ஒரு சிறு பங்கு சேமிப்புக்கும் பிடித்துக்கொள்ளப்படும். மீன் பட்டால் தவணை உண்டு, படாவிட்டால் இல்லை. பால் கூட்டுறவுச் சங்கத்தில் பால் பணத்தில் மாட்டுக் கடன் கழிவதைக் கண்ட உழவருக்கு இதன் அருமை விளங்கும். தேதியைப் பார்க்காமல் பிடிப்பைப் பார்த்துத் தவணை என்பதே இதன் உயிர்நாடி.

பெண்களின் பங்கு

பிடிப்பது ஆண், விற்பது பெண் என்பது குப்பத்து வழக்கம். கூடையைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்று, அன்றாட அரிசிக்கு வழி செய்பவர் பெண்ணே. விலையுயர்ந்த இறாலும் நண்டும் ஏற்றுமதிக்காக நேரே முகவர் கைக்குப் போகத் தொடங்கியதும், பெண்கள் கையில் மலிவான மீன் மட்டுமே மிஞ்சியது. பிடிப்பின் மதிப்பு ஏறியபோதும் அடுப்பங்கரைக்கு வரும் பணம் அதற்கேற்ப ஏறவில்லை.

இருளர் பெண்களின் உழைப்பு இன்னும் கடுமையானது. படகோ வலையோ இன்றி, முழங்கால் நீரிலும் இடுப்பளவு நீரிலும் குனிந்து, சேற்றில் கையால் துழாவி இறால் பிடிக்கின்றனர். பிடித்ததைப் போடும் ஓலைப் பறியை வாயில் கவ்விக்கொண்டே வேலை செய்கின்றனர். சேற்றில் கிடக்கும் சிப்பி கிழித்துக் கைவிரல்கள் புண்ணாகும். நீர் கெட்டால் முதலில் பாதிக்கப்படுபவர்கள் இவர்களே. ஏனெனில் இவர்களுடைய வலை இவர்கள் கையேதான்.

வெளியிலிருந்து வரும் நெருக்கடிகள்

1971 முதல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் ஏவப்பட்டு வருகின்றன; ஏவும் நாள்களில் அப்பகுதிக் கடலில் தொழிலுக்குத் தடை உண்டு. 1980-இல் ஏரியின் தமிழகப் பகுதி பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தெற்கே எண்ணூர், காட்டுப்பள்ளிப் பகுதிகளில் அனல் மின் நிலையங்களும் துறைமுகங்களும் எழுந்தன. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை கரையைத் தாக்கியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு எண்ணூர்க் கழிமுகத்தில் பரவியபோது, அங்குள்ள மீனவர்கள் தொழிலின்றி நின்றனர். நாட்டுக்கு ராக்கெட்டும் வேண்டும், மின்சாரமும் வேண்டும். ஆனால் அவற்றின் செலவில் ஒரு பகுதி எந்தக் கணக்கிலும் எழுதப்படாமல் மீனவர் வீட்டுப் பானையிலிருந்து போகிறது.

உழவரும் மீனவரும் ஒரே பக்கம் நின்ற வழக்கு ஒன்றும் உண்டு. 1990-களில் கடலோரமெங்கும் இறால் பண்ணைகள் பெருகின. பண்ணையின் உப்பு நீர் கசிந்து விளைநிலமும் குடிநீர்க் கிணறும் கெட்டன. கழிவு நீர் கழிமுகங்களில் சேர்ந்தது. தமிழகச் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விளைநிலத்தை இறால் பண்ணையாக மாற்றக்கூடாது என்றும், சிலிக்கா, பழவேற்காடு ஏரிகளிலிருந்து 1,000 மீட்டருக்குள் இறால் பண்ணை அமைக்கக்கூடாது என்றும் அத்தீர்ப்பு கூறியது. 2005-இல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்தபின், பண்ணை வைப்போர் பதிவு செய்வது கட்டாயமாயிற்று.

ஆற்றுப் பகுதி உழவர்கள் செய்ய வேண்டியவை

1. இறாலும் நண்டும் பூச்சிகளைப் போலவே கணுக்காலி இனத்தைச் சேர்ந்தவை. பூச்சியைக் கொல்லும் மருந்து இறாலையும் கொல்லும். சைபர்மெத்ரின் போன்ற பைரித்ராய்டு மருந்துகள் மிகச் சிறிய அளவிலும் மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சாகும். பொருளாதாரச் சேத நிலையைத் தாண்டினால் மட்டுமே மருந்தடிக்கவும்.

2. மருந்து தெளித்தபின் சில நாள்கள் வயல் நீரை வடிக்க வேண்டாம். மழை வரும் அறிகுறி இருந்தால் தெளிப்பதைத் தள்ளிப்போடவும்.

3. தெளிப்பானையும் மருந்துப் புட்டியையும் வாய்க்காலிலோ ஆற்றிலோ கழுவ வேண்டாம். கழுவிய நீரை மருந்தடித்த வயலிலேயே ஊற்றவும்.

4. தழைச்சத்து உரத்தை ஒரே தடவையில் இடாமல் பிரித்து இடவும். வீணாகும் உரம் ஏரியில் பாசியை வளர்க்கும். உங்கள் பணத்தையும் கரைக்கும்.

5. கரையோரப் புல்லையும் புதரையும் அழிக்க வேண்டாம். மண் அரித்து ஓடினால் உங்கள் வயல் மெலியும்; ஏரி மேடாகும்.

மீனவக் குடும்பங்கள் கருத வேண்டியவை

இவ்விதழைப் படிப்போரில் கொஞ்சம் நிலமும் ஒரு வலையும் வைத்திருப்போர் இருக்கலாம். உறவினர் குப்பத்தில் இருக்கலாம். அவர்களுக்கும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

உழவர் கடன் அட்டை 2018-19 முதல் மீனவருக்கும் விரிவுபடுத்தப்பட்டுள்ளது. உரிய காலத்தில் கட்டுவோருக்கு வட்டிச் சலுகை உண்டு. சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில் மீனவர் ரூ.1,500 செலுத்தினால் அரசின் பங்கு ரூ.3,000 சேர்ந்து, தொழில் குறைந்த மாதங்களில் ரூ.4,500 கிடைக்கும். பெண்களுக்கும் இத்தகைய திட்டம் உண்டு. மீனவர் நல வாரியத்தில் பெயரைப் பதிந்து கொள்வது அவசியம். பதிவில்லாதவருக்கு இழப்பு வந்தால் உதவி கிடைப்பது கடினம். இருளர் குடும்பங்கள் பதிவில் விடுபடாமல் பார்த்துக்கொள்வது ஊர்ப் பெரியவர்களின் பொறுப்பு.

மீனை மணலில் உலர்த்தாமல் உயர்த்திக் கட்டிய வலைப்பரண் மேல் உலர்த்தினால் கருவாடு தூய்மையாக இருக்கும், விலையும் கூடும். பிடித்தவுடன் போதிய பனிக்கட்டியில் வைத்தால், விலை பேசச் சில மணி நேரம் கிடைக்கும். அந்தச் சில மணி நேரமே மீனவருக்குக் குதிர். சதைப்பற்றில்லாத தண்ணீர் நண்டை அப்படியே மலிவாக விற்காமல், கூண்டில் மூன்று நான்கு வாரம் இரையிட்டுக் கொழுக்க வைத்தால் நல்ல விலை பெறும். இவை பற்றிய பயிற்சிக்குப் பொன்னேரியிலுள்ள மீன்வளக் கல்லூரியையும், சென்னையிலுள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையத்தையும் அணுகலாம்.

முடிவுரை

மீனவர் வறுமைக்குச் சோம்பலும் குடியுமே காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுவோர் உண்டு. நள்ளிரவில் ஏரியில் இறங்கி விடியலில் கரையேறும் மனிதரைப் பார்த்தால் அப்படிச் சொல்ல வாய் வராது. விதை வரும் வாசல் தூர்ந்து, நிலத்தில் நெருக்கடி மிகுந்து, விலை முன்பணத்தில் கட்டுண்டு கிடக்கும்போது உழைப்பு மட்டும் என்ன செய்யும்? முகத்துவாரத்தை அரசு காக்கவேண்டும். பாட்டை ஊர் கூடித் திருத்தவேண்டும். விலையைச் சங்கம் மீட்கவேண்டும்.

நம் பங்கு எளியது. அடுத்த முறை வயல் மடையைத் திறந்து நீரை வடிக்குமுன், அந்த நீர் போய்ச் சேருமிடத்தில் ஒரு பெண் பறியை வாயில் கவ்விக்கொண்டு குனிந்திருப்பதை நினைத்துக்கொள்வோம்.